ஜிடிகியூ ரிவ்யூ: கேமர்ஸ் பேர ரிப்பேர் பண்ற ஒரு வார லைவ்

ஜிடிகியூ பத்தி தமிழ்ல யாரும் பெருசா எழுதி நான் பாக்கல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். முழுப் பேரு கேம்ஸ் டன் குயிக். வருஷத்துக்கு ரெண்டு பெரிய ஷோ, ஜனவரில ஒண்ணு கோடைல ஒண்ணு (அமெரிக்காக்காரன் கோடை, நம்ம சித்திரை வெயில் இல்ல), ஒரு வாரம் ராத்திரி பகல் பாக்காம ட்விட்ச்ங்கற லைவ் வீடியோ சைட்ல ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொருத்தரா வந்து ஒரு வீடியோ கேம எவ்ளோ சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்ளோ சீக்கிரம் முடிச்சுக் காட்டுவாங்க, இதுக்குப் பேரு ஸ்பீட்ரன். பாக்குறவங்க காசு போடுவாங்க. ஜனவரி காசு ப்ரிவென்ட் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு, கோடைக் காசு உலகம் பூரா வைத்தியம் பாக்குற டாக்டர்ஸ் விதவுட் பார்டர்ஸுக்கு. அவ்ளோதான் மேட்டர். இதுவரைக்கும் சேந்தது 5 கோடியத் தாண்டிருச்சு. ரூபாய் இல்லங்க, டாலர்.

இத ஏன் ஒரு ரிவ்யூவா எழுதணும்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல கேம் வெளையாடுறவனுக்கு இருக்கிற பேரு என்னனு உங்களுக்கே தெரியும். பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணோட தாய்மாமா "தண்ணி, சிகரெட் பழக்கம் உண்டா தம்பி, இந்த ஃபோன்ல கேம் வெளையாடுவீங்களா"னு மூணையும் ஒரே மூச்சுல கேட்டாரு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கம்மா "அதெல்லாம் சின்ன வயசுலயே விட்டுட்டான்"னு சொல்லிட்டாங்க, ஏதோ குடிய விட்ட மாதிரி. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. 2020 செப்டம்பர்ல பப்ஜி தடை, அப்புறம் கெட்ட வார்த்தையா பேசி லைவ் ஓட்டுன ஒரு யூடியூபர் 2021ல கைது, இன்னொரு பக்கம் ஆன்லைன் ரம்மில காசு விட்டுத் தூக்குல தொங்குனவங்க நியூஸ், 2022ல சட்டசபைல ரம்மி தடை மசோதா, இது எல்லாத்தையும் டிவில "ஆன்லைன் கேம்"ங்கற ஒரே பேர்ல தான் போட்டாங்க. சீட்டாட்டமும் மாரியோவும் ஒரே கூடைல விழுந்துருச்சு.

இதுக்கு கேமர் பசங்க பண்ற எதிர்ப்பு இருக்கே, அது அதவிட மோசம். எவனாவது "கேம் வெளையாடுறவன் தண்டம்"னு ஒரு போஸ்ட் போட்டா, அவன் அம்மா வரைக்கும் திட்டி ஐநூறு கமெண்ட். அப்புறம் எப்படிடா நல்ல பேரு வரும்?

நல்ல பேரு வாங்கணும்னு நெனைச்சவங்க வேற ரூட்ல போனாங்க. 2003ல அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல (சியாட்டில் இருக்கிற பக்கம், தலைநகர் இல்ல) ஒரு பேப்பர்ல, வீடியோ கேம் பசங்களுக்குக் கொலை பண்ண ட்ரெய்னிங் குடுக்குதுங்கற மாதிரி ஒரு கட்டுரை வந்துச்சு. அதப் படிச்சுட்டு பென்னி ஆர்கேட்னு வெப் காமிக் போடுற ஜெர்ரி ஹோல்கின்ஸும் மைக் க்ராஹுலிக்கும் மறுப்புக் கட்டுரை எழுதிக்கிட்டு இருக்கல, தங்களோட வாசகர்கள்கிட்ட "சியாட்டில்ல இருக்கிற குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு பொம்மையும் கேமும் வாங்கிக் குடுங்க"னு கேட்டாங்க. முதல் வருஷமே கால் மில்லியன் டாலர் அளவுக்குப் பொம்மையும் காசுமா குவிஞ்சது. சைல்ட்ஸ் ப்ளேனு பேரு, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. மிச்சிகன்ல ஸாக் விகல்னு ஒரு ஸ்கூல் பையன் ஹாலோங்கற துப்பாக்கிச் சண்டை கேம்ல டோர்னமெண்ட் வெக்கலாம்னு ஏற்பாடு பண்ணா, இந்த மாதிரி கேம் பசங்களக் கெடுக்குதுனு ஒரு அதிகாரி சொல்லி நிறுத்திட்டாங்க, அந்தக் கடுப்புல அவன் ஆரம்பிச்சது தான் கேமர்ஸ் அவுட்ரீச், இப்ப ஆஸ்பத்திரில படுத்துருக்கிற குழந்தைங்க பெட் பக்கத்துல தள்ளிட்டுப் போற மாதிரி சக்கரம் வெச்ச கேம் வண்டி செஞ்சு குடுக்குறாங்க.

டெசர்ட் பஸ் பத்தி சொல்லாம நகர முடியாது. 90கள்ல கடைக்கே வராத ஒரு சேகா கேம்ல இருந்த குட்டி கேம் அது, டூசான்ல இருந்து லாஸ் வேகஸுக்கு நெசமான நேரத்துல, அதாவது 8 மணி நேரம், காலி பாலைவன ரோட்டுல பஸ் ஓட்டணும். பஸ் கொஞ்சம் வலது பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால ஸ்டிக்க விட்டுட்டு டீ குடிக்கப் போக முடியாது. ஊர் போய்ச் சேந்தா ஒரு பாயிண்ட். ஒண்ணே ஒண்ணு. வேணும்னே போரடிக்க வெச்ச கேம். 2007ல கனடாவுல லோடிங்ரெடிரன்னு ஒரு காமெடி க்ரூப்பு இத லைவா ஓட்டி, நீங்க காசு போடப் போட நாங்க இன்னும் ஓட்டுறோம்னு சொல்லி, மக்கள் இவனுங்கள கஷ்டப்படுத்தணும்னே காசு போட்டு, அதுவும் சைல்ட்ஸ் ப்ளேக்குப் போச்சு. மனுஷ மனசு விசித்திரம்.

ஜிடிகியூவும் அந்தக் காலத்துப் பொறப்பு தான். 2010 ஜனவரில மைக் உயாமாவும் ஸ்பீட் டெமோஸ் ஆர்கைவ்ங்கற ஸ்பீட்ரன் சைட்டு பசங்களும் மேக்ஃபெஸ்ட்ங்கற நிகழ்ச்சில பழைய கேமா ஓட்டி கேர்ங்கற உதவி அமைப்புக்குக் காசு சேக்கலாம்னு போனா, அங்க இன்டர்நெட் தகராறு பண்ணிருச்சு. மூட்டை முடிச்சோட உயாமாவோட அம்மா வீட்டு பேஸ்மெண்டுக்குப் போய் அங்க இருந்தே லைவ் போட்டாங்க. 10,000 டாலருக்கு மேல தேறுச்சு. அடுத்த வருஷம் 52,000. 2019 கோடைல ஒரே ஷோவுல முதல் தடவையா 30 லட்சம் டாலர், 2022 ஜனவரில 34 லட்சம். பேஸ்மெண்ட்ல சோஃபால நெருக்கி உக்காந்து ஆரம்பிச்சதால இன்னிக்கும் பெரிய ஹால்ல மேடை போட்டாலும் வெளையாடுறவர் பின்னாடி ஒரு சோஃபா இருக்கும், அதுல நாலு பேரு உக்காந்து வெளக்கம் சொல்லுவாங்க. கௌச்னே அதுக்குப் பேரு.

சரி, பாக்க எப்படி இருக்கும்? எனக்குப் புடிச்ச ரன்னுங்கள வெச்சே சொல்றேன்.

2024 ஜனவரி ஷோவுல ஒரு நாய் கேம் வெளையாடுச்சு. ஜோக் இல்ல. பீனட் பட்டர்னு பேரு, ஷிபா இனு ஜாதி. கேம் 1985ல வந்த ஜைரோமைட். அதுல ஒரு புரொஃபசர் தூக்கத்துல நடந்துக்கிட்டே இருப்பாரு, நிக்கவே மாட்டாரு, நம்ம வேலை செவப்பு, நீலத் தூணுங்கள ஏத்தி எறக்கி அவரு கீழ விழாம, நசுங்காம அந்தப் பக்கம் அனுப்பி வெக்கிறது. முன்னாடி ஒரு பொம்ம ரோபோட்ட வெச்சு வெளையாடுறதுக்குனு செஞ்ச கேம், இங்க ரோபோட்டுக்குப் பதிலா நாய். பெரிய பெரிய பட்டன் வெச்ச ஒரு கன்ட்ரோலரு, வளக்குறவரு பக்கத்துல இருந்து சைகையும் கொரலும் குடுக்க, அது டொப்புனு கால வெச்சு அமுக்கும், எடுனு சொல்ற வரைக்கும் கால எடுக்காது. நடுவுல தீனி. இத யூடியூப்ல டிவில போட்டு விட்டேன், எங்கம்மா கத்தரிக்கா நறுக்கிக்கிட்டு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு இருந்தவங்க, புரொஃபசர் ஒரு தூணுக்கிட்ட மாட்டப் போறப்ப "ஏய் அமுக்கு அமுக்கு"னு நாய்க்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் கேட்ட முதல் கேள்வி "இந்த நாயி ஆடுனதுக்கா இவ்ளோ காசு குடுக்குறானுங்க?" ரெண்டாவது கேள்வி "எல்லாம் கேன்சர் காரங்களுக்கா?" நான் ஆமாம்மானு சொன்னதும் ஒண்ணும் பேசல, "இன்னொன்னு போடு"ன்னாங்க. கேமிங் நல்லதுனு பத்து வருஷமா நான் பேசிப் பாத்தது எதுவும் இந்த அளவுக்கு எறங்கல.

இன்னொன்னு செகிரோ. 2019ல வந்த கேம், வெளையாடுனவங்களுக்குத் தெரியும், கண்ண முழிச்சுக்கிட்டு வெளையாடவே கண்ணுல தண்ணி வர வெக்கும். 2022 ஜனவரில மிட்ச்ரிஸ்ங்கறவரு அத கண்ணக் கட்டிக்கிட்டு முடிச்சாரு. சவுண்ட வெச்சு தான் எல்லாமே. எதிரி கத்தி ஓங்குற சத்தம், தன்னோட காலடி சத்தம், செவுத்துல ஒட்டி நடந்து எங்க நிக்கிறோம்னு கணக்கு. கௌச்ல இருக்கிறவங்க நடுவுல நடுவுல "இப்ப அவரு இந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு"னு சொல்லுவாங்க, நாமளும் காதக் கூராக்கிக் கேக்க ஆரம்பிச்சுடுவோம். பொழுதுபோகாதவன் வேலைனு இத ஒதுக்க முடியாது, பின்னாடி இருக்கிற உழைப்பு அப்படியே தெரியும். ஹாஃப்கோஆர்டினேட்டட்ங்கற பேர்ல ஒருத்தர் வருவாரு, அவரு ஒரு கையால மட்டும் வெளையாடுறவரு, உடம்புல ஒரு பக்கம் சரியா ஒத்துழைக்காது, அவரு கேம முடிச்சுட்டு பேசுறதக் கேளுங்க, பரிதாபம் தேடாம எவ்ளோ இயல்பா பேசுறாரு.

டெக்னிக்கல் ஆளுங்களுக்கு டாஸ்பாட் செக்மெண்ட் தான் விருந்து. ஒரு கம்ப்யூட்டர், கன்ட்ரோலர் பட்டன மனுஷ விரலால முடியாத வேகத்துல அமுக்கும். 2014ல இத வெச்சு உண்மையான சூப்பர் நின்டெண்டோ மெஷின்ல சூப்பர் மாரியோ வேர்ல்டுக்கு உள்ளேயே, கேம் மெமரிய பட்டன் அமுக்கறது மூலமாவே மாத்தி எழுதி, பாங் கேமும் பாம்பு கேமும் ஓட வெச்சாங்க. கேசட்டத் தொறக்கல, சாஃப்ட்வேர் எதுவும் ஏத்தல. அடுத்த வருஷம் போகிமான் ரெட்டுக்குள்ள ட்விட்ச் சாட்டயே ஓட விட்டாங்க. சாஃப்ட்வேர்ல வேல பாக்குற என் ஃப்ரெண்டு இதப் பாத்துட்டு ராத்திரி ஃபோன் பண்ணி, பஃபர் ஓவர்ஃப்ளோ பத்தி காலேஜ்ல வாத்தியார் நாலு க்ளாஸ் எடுத்தும் புரியாதது இப்பத் தான்டா புரிஞ்சுதுன்னான்.

காசு வாங்குற டெக்னிக்கும் சாமர்த்தியமா வெச்சுருக்காங்க. சூப்பர் மெட்ராய்டுனு 1994 கேம், அதுல கடைசில கிரகமே வெடிக்கப் போகுது, டைமர் ஓடுது, ஓடித் தப்பிக்கணும். போற வழில சில பிராணிங்க மாட்டிக்கிட்டு இருக்கும், முன்னாடி நமக்கே செவுத்துல எகிறித் தாவ, வேகமாப் பறக்கக் கத்துக் குடுத்த பிராணிங்க தான். நின்னு காப்பாத்துனா சில செகண்டு போகும், ஸ்பீட்ரன்ல சில செகண்டுங்கறது உசுரு. அதனால காப்பாத்தணும்னு ஒரு கோஷ்டி, சாகட்டும் டைம் தான் முக்கியம்னு ஒரு கோஷ்டி, எந்தப் பக்கம் காசு அதிகமோ அதுதான் நடக்கும். வருஷா வருஷம் சண்டை, லட்சம் டாலரத் தாண்டி ஏலம் போயிருக்கு. ரெண்டு கோஷ்டியோட காசும் ஆஸ்பத்திரி, மருந்துனு ஒரே எடத்துக்குத் தான் போகுதுனு ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் ஏதோ சொத்துத் தகராறு மாதிரி மல்லுக்கட்டுவானுங்க. நான் எப்பவும் காப்பாத்துற கட்சி.

எனக்கு இதுல புடிச்சதே என்னன்னா, ஒரு வாரத்துல ஒரு தடவ கூட எவனும் மைக்கப் புடிச்சு "கேமர்ஸ் நல்லவங்க, எங்களத் தப்பா நெனைக்காதீங்க"னு பேச மாட்டான். நம்ம பசங்க ஹேஷ்டேக் போட்டுக் கெஞ்சுறது, மொறைக்கிறது எதுவும் கெடையாது. தோத்தா சிரிக்கிறாங்க, அடுத்தவன் ரெக்கார்டு போட்டா எழுந்து நின்னு கை தட்டுறாங்க, ரேஸ்ல எதிராளியோட ட்ரிக்க அவனே வெளக்கிச் சொல்றான். கெட்ட வார்த்தை கூடாதுனு ரூல், சாட்லயும் மாடரேட்டர் ஆளுங்க சும்மா விடுறதில்ல. பொம்பளைங்க மட்டும் ஓட்டுற ஷோவும் ஃப்ரேம் ஃபேட்டல்ஸ்னு தனியா நடத்துறாங்க, ஆன்லைன் கேம்ல ஆட்டம் தொடங்க ஆளுங்க கூடுற லாபில கொரல் கேட்டதும் நம்ம ஊரு பொண்ணுங்க வாங்கற வசவு உங்களுக்குத் தெரிஞ்சா இதோட மதிப்பு புரியும். 2023 ஜனவரி ஷோவ ஃப்ளோரிடால நடத்தறதா இருந்து, அந்த மாநிலத்தோட கொரோனா நெலப்பாடும் எல்ஜிபிடி ஆளுங்களுக்கு எதிரான சட்டமும் எங்க ஆளுங்களுக்குப் பாதுகாப்பா இல்லனு சொல்லி ஆன்லைனுக்கு மாத்திட்டாங்க. அரசியல் எதுக்குன்னு திட்டுனவங்களும் உண்டு. தன் வீட்டாள பாத்துக்கறவன் தான் ஊரையும் பாப்பான்னு நான் எடுத்துக்கிட்டேன்.

கொறையும் இருக்கு, சும்மா புகழ்ந்து தள்ள வரல.

முதல் கொறை, பரிபாஷை. ஃப்ரேம் பெர்ஃபெக்ட், அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், ராங் வார்ப்னு பேசிக்கிட்டே போவாங்க, அந்த கேம நாம வெளையாடிருக்கலன்னா அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி. 20, 30 மணி நேரம் ஆடுற ஒக்கரினா ஆஃப் டைம்ங்கற செல்டா கேம இப்ப சில நிமிஷத்துல முடிச்சுடறாங்க, அது எப்பேர்ப்பட்ட சாதனைனு தெரிஞ்சவனுக்குத் தான் புல்லரிக்கும், தெரியாதவனுக்கு ஒரு பையன் கேம் காசு பொறுக்கிட்டு கதவு வழியா போனான், கேம் முடிஞ்சுது, அவ்ளோதான்.

ரெண்டாவது, நன்கொடை வாசிக்கிறது. கோயில் திருவிழால பாட்டு நல்லா சூடு புடிக்கிறப்ப "மேலத்தெரு இன்னார் மகன் இன்னார் ரூபாய் ஐநூத்தி ஒண்ணு"னு மைக்ல குறுக்க வருமே, அச்சு அசல் அதேதான். ஓட்டுறவரு கஷ்டமான ட்ரிக்க வெளக்கிக்கிட்டு இருப்பாரு, அந்த நேரம் பாத்து ஜெர்மனில இருந்து ஒருத்தர் 25 டாலர், வணக்கம்னு வாசிப்பாங்க. கேன்சர்ல அம்மாவ எழந்தவங்க, தான் மீண்டு வந்தவங்க எழுதுறதெல்லாம் வரும், அதுல சிலது கேக்கறப்ப தொண்டைய அடைக்கும், சரியான எடத்துல வாசிச்சா அதுக்கே தனி கனம் இருக்கு. ஆனா பாஸ் சண்ட நடுவுல வேண்டாமே சாமி. நல்ல ஹோஸ்ட்டா இருந்தா கௌச்ச பாத்து எடம் கேட்டுட்டு வாசிப்பாங்க, அப்படி இருக்கிற ஷிஃப்டு தனியா தெரியும்.

மூணாவது, காசு போடணும்னா நமக்கு வசதி கம்மி. பேபால் தான், யுபிஐலாம் கெடையாது. என் கார்டு வெளிநாட்டு டிரான்சாக்ஷன்னு பல்லக் காட்டுச்சு, பேங்க் ஆப்ல போய் இன்டர்நேஷனல் யூசேஜ ஆன் பண்ணி ஓடிபி வந்து போறதுக்குள்ள நான் ஓட்டுப் போட வந்த ஏலம் முடிஞ்சுருச்சு. (பிராணிங்க அந்த வருஷம் பொழைச்சுக்கிச்சு, நம்ம காசு இல்லாமலே.) காசு போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஃப்ரீயாவே முழுசும் பாக்கலாம். இத நடத்துறது ஒரு கம்பெனி, தர்ம ஸ்தாபனம் இல்லங்கறதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஆனா நாம போடுற நன்கொடை அவங்க கைக்கு வராம நேரா அந்த அமைப்புக்குப் போற மாதிரி தான் வெச்சுருக்காங்க.

இன்னொரு சின்ன வருத்தம். ஆரம்ப கால வீடியோல இருக்கிற அந்த வீட்டுக் கூட்டம் வாசம் இப்ப இல்ல. ஸ்பான்சர், விளம்பரம், பளபள மேடைனு ஆயிடுச்சு. 30 லட்சம் டாலர் சேக்கணும்னா இப்படித்தான் இருக்கணும்னு புத்திக்குத் தெரியுது, ஆனாலும் அந்த பழைய சோஃபால எவனோ சிப்ஸ் பாக்கெட்ட கசக்குற சத்தம் மைக்ல கேக்கும் பாருங்க, அது ஒரு சொகம்.

நம்ம ஊர்ல இத அப்படியே செய்ய முடியுமானா, ஸ்பீட்ரன் கூட்டம் நமக்கு அவ்ளோ இல்ல. ஆனா பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய வடிவம்), ஃப்ரீ ஃபயர்னு லைவ் போடுற தமிழ்ப் பசங்களுக்கு ஆள் பலம் இருக்கு. சூப்பர் சாட்ல "அண்ணா என் பேரு சொல்லுங்க"னு வர்ற காச ஒரு வார இறுதிக்கு மட்டும் ஏதாவது ஒரு அரசு ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டுக்குனு திருப்பி விட்டு, வந்த கணக்க ரசீதோட ஸ்க்ரீன்ல போட்டாங்கன்னா போதும். ரசீது முக்கியம், நம்ம மக்கள் அதத்தான் முதல்ல கேப்பாங்க. தாய்மாமாவும் கேப்பாரு.

புதுசா பாக்குறவங்களுக்கு, ஒரு வாரமும் உக்காந்து பாக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க, வேலை போயிடும். அவங்க சைட்ல இருக்கிற ஷெட்யூல் நம்ம ஊரு டைம்லயே காட்டும், அமெரிக்கால சாயங்காலம் ஓடுற பெரிய ரன்னுங்க நமக்கு விடிகாலைல இருந்து காபி நேரம் வரைக்கும் வரும், அது ஒரு வசதி. தவற விட்டா கவல இல்ல, ஒவ்வொரு ரன்னையும் தனித்தனியா யூடியூப்ல ஏத்திடறாங்க. சின்ன வயசுல 150 ரூபாய் கேசட்ல ஆடுன மாரியோ, காண்ட்ரா ரன்னுங்கள்ல ஆரம்பிங்க, கேம் தெரிஞ்சுருந்தா தான் அவன் பண்ற அக்கிரமம் புரியும். வீட்டுல பெரியவங்களோட பாக்கறதா இருந்தா கண்ண மூடிக்கிட்டு நாய் வீடியோ. என் மார்க்கு அஞ்சுக்கு நாலு, அந்த ஒரு மார்க்கு பாஸ் சண்ட நடுவுல வந்த ஜெர்மனிக்காரருக்காகக் கொறைச்சது.